உபயம் என்று என் செல் நம்பரைப் போட்ட பெரியப்பாவுக்கு

மந்தைவெளி,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய சண்முகசுந்தரம் பெரியப்பா அவர்களுக்கு, தம்பி மகன் பாலகணேஷ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பாவுக்குக் கொஞ்சம் ரத்த அழுத்தம், மற்றபடி எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தைத் தனியாக விசாரிக்கத் தேவையில்லை. மாநகரப் பேருந்தின் முதுகில், கடை விளம்பரத்தில், கைகூப்பிச் சிரித்தபடி தினமும் எங்கள் தெருவைத் தாண்டித்தான் போகிறீர்கள். மந்தைவெளியிலிருந்து தி. நகருக்குக் கடிதம் எதற்கு, போன் பண்ணக்கூடாதா என்று கேட்பீர்கள். பண்ண முடியாது. என் போன் இப்போது உங்கள் ஜவுளிக்கடை வாடிக்கையாளர்களுடையது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு வீட்டுக்குப் பழைய எண் 27, புதிய எண் 14, பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச் சந்து, மஞ்சள் கேட் என்றெல்லாம் முகவரி எழுதுவார்கள். அதைப் படித்து, சரியாக எந்தக் கதவு என்று கண்டுபிடித்துச் சொல்லும் மென்பொருளை நானும் நண்பன் ஹம்மாதும் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்து சந்தாக நடந்து எழுதினோம். அது ஓப்பன் சோர்ஸ். உங்கள் தொழில் பாஷையில் சொன்னால், துணியோடு தறியையும் சேர்த்து ஊருக்கே சும்மா கொடுப்பது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஒரே நிபந்தனை, எங்கள் பெயரை ஒரு மூலையில் போட வேண்டும். வீட்டுக்கே துணி அனுப்ப நீங்கள் ஆரம்பித்த கடை ஆப்பும் அதைத்தான் எடுத்தது. எடுத்ததில் எனக்குச் சந்தோஷம். ஆனால் ஆப்பின் திறப்பு விழாவில் மைக்கைப் பிடித்து, "இது எங்க கம்பெனியோட சொந்த செயற்கை நுண்ணறிவு" என்றீர்களே, அப்போது நான் மூன்றாவது வரிசையில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அது செயற்கையும் இல்லை, நுண்ணறிவும் இல்லை, ஹம்மாதின் செருப்புத் தேய்மானம். அதற்குப் பிறகு மேடையிலிருந்து இறங்கி வந்து பக்கத்திலிருந்தவரிடம் என்னைக் காட்டி, "தம்பி மவன். வீட்ல சும்மாதான் இருக்கான்" என்று அறிமுகமும் செய்துவைத்தீர்கள்.

மறுநாளே கடைக்கு வந்து பெயரைப் போடச் சொன்னேன். "என்னல, பேருதான வேணும்? போட்டிருவோம். இதுக்கா மூஞ்சியத் தூக்கிட்டு வந்த?" என்று முதுகில் தட்டினீர்கள். போட்டும்விட்டீர்கள். உங்களுக்குத் தெரிந்த முறையில் போட்டீர்கள். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் வெளியே வராதபடி நம் குடும்பப் பெயரை எழுதிவைத்திருக்கிறீர்களே, அதே முறை. இன்றைக்கு உங்கள் ஆப்பைத் திறந்தால், பார்சல் எங்கே வருகிறது என்று காட்டும் பக்கத்தில், கொட்டை எழுத்தில், 'முகவரி உபயம்: பாலகணேஷ், மந்தைவெளி' என்று இருக்கிறது. அதற்குக் கீழே என் செல் நம்பர். ஹம்மாதின் பெயர் எங்கே என்று கேட்டதற்கு, "ரெண்டாவது பேரு போட்டா ஆர்டர் பட்டன் மறையுதுல" என்றீர்கள். அவன் இப்போது என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "மச்சி, காசு வேணாம்னேன். பேரும் வேணாம்னு எப்படா சொன்னேன்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். அவன் கேட்பது நியாயம்.

பெயர் போட்ட அன்று காலையே போன் வர ஆரம்பித்தது. முதலில் ராயப்பேட்டையிலிருந்து ஹாஜிரா பீ என்ற அம்மாள். "இன்னா நைனா, மேரூன் நைட்டின்னு படம் போட்டுகினு ரோஸ் கலரு அனுப்பிகீற?" நான் முகவரி மட்டும்தான் அம்மா என்றேன். "முகவரி கரீட்டாத்தான் வந்துகீது. அத்த யாரு கேட்டா? கலருக்கு யாரு உபயம்? அந்த ஆள் நம்பர குடு." அந்த நம்பர் கிடைக்கும் வரை விடுவதில்லை என்று அவர் தினமும் கூப்பிடுகிறார். இடையில் மகளுக்கு வரன் தேடுவதாகவும், எங்கள் பக்கம் வீடு வாடகைக்கு இருக்கிறதா என்றும் விசாரித்தார். இது போதாதென்று, எங்கள் தெருக் கோயில் ஆட்கள் வேட்டி மடிப்புக் கலையாமல் வீட்டுக்கு வந்து, "உங்க பையன் ஊருக்கே முகவரி உபயம் பண்றாராம். சாமிக்கு ஒரு கிரைண்டர் பண்ணக்கூடாதா?" என்று அப்பாவிடம் கேட்டார்கள். மகனை ஒருவர் 'அவர்' என்று சொல்லி அப்பா கேட்டது அதுதான் முதல் தடவை. உடனே சரி என்று தலையாட்டிவிட்டார். ரத்த அழுத்தம் அதற்குப் பிறகு வந்தது.

இதெல்லாம்கூடப் போகட்டும். கோட்டூர்புரத்தில் தனியாக இருக்கிற வயதானவர்களுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு சிறிய குழு இருக்கிறது. அவர்களும் எங்கள் மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள். போன வாரம் ஒருவருடைய இன்சுலின் தெருவின் இந்தக் கோடிக்குப் பதில் அந்தக் கோடிக்குப் போய், மனிதர் சாயங்காலம் வரை காத்திருந்திருக்கிறார். காரணம் எங்கள் தப்பு. சில தெருக்களில் பழைய எண் ஒரு முனையிலிருந்தும் புதிய எண் மறுமுனையிலிருந்தும் ஓடுகின்றன. அதை நாங்கள் கவனிக்கவில்லை. ஆனால் உங்கள் ஆப்பில் மட்டும் அதே தெருக்களில் பார்சல் சரியாகப் போகிறது. எப்படி என்று கேட்க ஆழ்வார்பேட்டையில் இருக்கும் உங்கள் கம்ப்யூட்டர் ஆபீசுக்குப் போனேன். அங்கே தலைமைப் புரோகிராமர் லாவண்யா என்பவர் எனக்குக் காபி வரவழைத்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "அத நாங்க போன மாசமே சரி பண்ணிட்டோம்" என்றார்.

"அப்போ எங்களுக்கும் குடுங்க."

"குடுக்க முடியாது. இங்க எழுதுறது கம்பெனி சொத்து. முதலாளி உத்தரவு."

"சுவர் முழுக்க நாங்க கட்டினது. அதுல நீங்க அடிச்ச ஒரு ஆணி கம்பெனி சொத்தா?"

"கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன் சார். காபி ஆறுது."

கடை மூடும்போது விற்பனைப் பெண்களின் பையைத் திறந்து பார்த்து அனுப்புகிற பழக்கத்தைப் புரோகிராமர் வரை கொண்டுவந்துவிட்டீர்கள். ஊர் இன்சுலினை நினைத்துத் தவிக்கிறது, அவர் காபி ஆறுவதை நினைத்துத் தவிக்கிறார். நான் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். ஒன்று, என் செல் நம்பரை எடுத்துவிட்டு, எங்கள் இருவர் பெயரையும் மரியாதையாக, சின்ன எழுத்தில் போடுங்கள். அடுத்தது, அந்தத் திருத்தத்தைக் கொடுங்கள். எங்களுக்காக இல்லை, கோட்டூர்புரத்துக்காக. அப்புறம், இரக்கம் என்பதே இல்லாத அந்த லாவண்யாவை வேலையை விட்டு அனுப்புங்கள். வெள்ளிக்கிழமைக்குள் நடக்கவில்லை என்றால் இந்த மென்பொருளை இத்தோடு மூடிவிடுகிறோம். சென்னையில் அடுத்த புதுத் தெருவை உங்கள் சொந்த நுண்ணறிவு நடந்து போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.

செண்பகம் பெரியம்மாவுக்கு என் வணக்கம். அவர் கேட்டால் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லவும். காலில் விழுந்து ஆசி கேட்கிற மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வீட்டில் சும்மா இருக்கும்
பாலகணேஷ்

பின்குறிப்பு: உறையில் பசை தடவும்போது ஹம்மாத் வீட்டுக்கே ஓடி வந்தான். "மச்சி, திருத்தம் வந்துகீதுடா!" எங்கள் மென்பொருளை வைத்திருக்கும் இணையதளத்துக்கு, புதிதாகத் திறந்த ஒரு கணக்கிலிருந்து, பெயர் இல்லாமல், யாரோ அனுப்பியிருக்கிறார்கள். சோதித்துப் பார்த்தோம். கோட்டூர்புரத்தில் எல்லாக் கதவும் சரியாக வருகிறது. இவ்வளவு சுத்தமாக நாங்கள் எழுதியிருக்க மாட்டோம். கூடவே ஒரு வரி: 'தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம்.' பெயருக்காக இவ்வளவு நேரம் கத்தியவன் நான். போட்டே ஆக வேண்டிய பெயர் ஒன்று வந்தபோது போட முடியவில்லை. எங்கள் பெயர்ப் பட்டியலில் ஹம்மாதுக்கும் எனக்கும் மேலே ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறோம். ஆபீசில் எழுதுவதை வெளியே கொடுக்கலாம் என்று நீங்கள் கையெழுத்துப் போடுகிற அன்று அது தானாக நிரம்பும். மென்பொருளை மூடவில்லை. லாவண்யாவை அனுப்பச் சொன்னதை அடித்துவிட்டதாகப் படிக்கவும். முடிந்தால் சம்பளத்தை உயர்த்தவும், காரணம் கேட்க வேண்டாம். என் நம்பரையும் எடுக்க வேண்டாம். இந்த விஷயத்தில் யாருக்காவது வேலை போனால், கூப்பிடுகிற உங்கள் வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் நடந்ததை நானே விளக்கமாகச் சொல்வேன். ஹாஜிரா பீயிலிருந்து ஆரம்பிப்பேன். அனுப்பியது யார் என்று ஆபீசில் விசாரிக்காதீர்கள். விசாரித்தே தீருவீர்கள் என்றால், லாவண்யாவை மட்டும் விட்டுவிடுங்கள். அவருக்கு ஒன்றுமே தெரியாது.