முதல் குழியிலிருந்து என் வீட்டு வாசல்வரை

போர்ட்ஸ்கேலி,
வியாழக்கிழமை மாலை

என்னைவிட ஆறு வயது மூத்தவளும், என் தப்புகளை எல்லாம் ஊருக்கு முன்னால் கண்டுபிடிப்பவளுமான அக்கா எல்ஸ்பெத்துக்கு, தம்பி மர்டோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அபர்தீனில் நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முதுகுவலி தேவலையா? நானும் இங்கே சுகம் என்று எழுத ஆசைதான், பேனா ஓட மாட்டேன் என்கிறது. சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். உன் வீட்டு மாடியறை காலியாக இருந்தால் இரண்டு மாதம் என்னை வைத்துக்கொள்வாயா? இந்த ஊரில் என்னால் தலைகாட்ட முடியவில்லை.

என் பெண் மோர்வென் இங்கே கடலோர கோல்ஃப் திடலின் புல்லுக்குப் பொறுப்பேற்று நாலு வருஷம் ஆகிறது, உனக்குத் தெரியும். வந்த அன்றே உரமூட்டைகளைத் திருப்பி அனுப்பினாள், தண்ணீர்க் குழாயைப் பெரும்பாலும் மூடி வைத்தாள். மணலிலேயே பிறந்த மெல்லிய புல் போதும், அது வேரை ஆழமாக விட்டுத் தானே பிழைத்துக்கொள்ளும், கொழுக்க வைத்தால்தான் நோஞ்சானாகும் என்பது அவள் கட்சி. ஓரத்துப் புல்லை வெட்டாமல் விட்டதில் வானம்பாடிகள் திரும்பி வந்து கூடு கட்டின. எல்லாம் சரி. ஆனால் இந்தக் கோடையில் மழை எட்டிப் பார்க்கவில்லை, திடல் முழுக்கப் பழுப்பாகிவிட்டது. பல் டாக்டராக இருந்து ஓய்வுபெற்ற பிட்கெய்த்லி தினமும் கிளப் வாசலில் நின்றுகொண்டு, "என்னம்மா மோர்வென், ஒட்டகம் எப்ப வந்து இறங்குது?" என்று கேட்பார். அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். எனக்குத்தான் வயிறு எரியும். "புல்லப் பத்தி உமக்கு என்னய்யா தெரியும்? நீர் பல்லப் புடுங்கின ஆளு!" என்று எத்தனை தடவை சண்டைக்குப் போயிருக்கிறேன்! கடைசியில் அந்த மனுஷன், பழையபடி உரமும் தண்ணீரும் வேண்டும், மோர்வெனை வேலையிலிருந்து எடுக்க வேண்டும் என்று பொதுக்கூட்டத்துக்குத் தீர்மானமே கொண்டுவந்துவிட்டார்.

அக்கா, அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. கூட்டம் நடக்கும் மாடிக் கூடத்துக்கு நேர் எதிரே முதல் குழியின் புல்தரை. அது ஒன்று மட்டும் கொஞ்சம் பசுமையாகத் தெரிந்தால் ஓட்டுப் போடுகிறவர்கள் மனம் இளகாதா என்று தோன்றியது. மோர்வென் இன்வெர்னெஸ் போயிருந்த ஞாயிறு விடியலில், என் ரோஜாச் செடிக்கு வைத்திருந்த உரத்தை ஒரு வாளி எடுத்துப்போய், கோழிக்குத் தீனி போடுவதுபோல் வீசினேன். குழாயைத் திறந்து ஊற ஊற நனைத்தேன். சேறும் உரமும் அப்பிய ரப்பர் பூட்ஸோடு திடலின் குறுக்கே நடந்து வீட்டுக்கு வந்து, நல்ல காரியம் செய்த திருப்தியில் இரண்டு முட்டை பொரித்துச் சாப்பிட்டேன். அதன்பிறகு தினமும் கடல் மூடுபனி இறங்கியது. ஒரு வாரத்தில் அந்தப் புல்தரை என்ன பச்சை என்கிறாய்! கல்யாண வீட்டுக்குப் பெயின்ட் அடித்த மாதிரி.

மோர்வென் அதைப் பார்த்துவிட்டு என்னிடம்தான் வந்தாள். "அப்பா, முதல் தரையில யாரோ கை வெச்சிருக்காங்க. முரட்டுப் புல்லா முளைச்சுக் கிடக்கு" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அடப்பாவிங்களா, அப்படியா?" என்றேன். என் சொந்த மகளிடம்!

நேற்றுக் கூட்டத்தில் பிட்கெய்த்லி எழுந்தார். "உரமே வேணாம்னு நமக்கு உபதேசம். ஆனா கூட்டம்னு வந்ததும் கண்ணுக்கு முன்னால இருக்கிற தரைக்கு மட்டும் திருட்டுத்தனமா உரம். தான் சொல்றதை இந்தப் பொண்ணே நம்பலையே, நாம எதுக்கு நம்பணும்?" என்றார். "நான் போடலை" என்றாள் மோர்வென். ஒருவரும் நம்பவில்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது. நான்தான் என்று சொல்லிவிடலாமென்று எழுந்தேன் அக்கா, சத்தியமாக எழுந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயில் வந்தது என்னவோ, "ஒரே புழுக்கமா இருக்கு, ஜன்னலைத் திறக்கட்டுமா?"

திறந்தேன். காற்று வாங்க வந்த பிட்கெய்த்லி கீழே பார்த்தவர் பார்த்தபடியே நின்றார். தரையில் நடந்தால் சட்டென்று கண்ணில் படாதது மாடியிலிருந்து பளிச்சென்று தெரிந்தது. முதல் குழியிலிருந்து காய்ந்த புல்லின் மேல் வரிசையாகப் பச்சைப் பாதச் சுவடுகள், ஒரு கால் நேராக, மறுகால் வெளிப்பக்கம் திரும்பி. மொத்தக் கூட்டமும் படியிறங்கி அதைப் பின்தொடர்ந்தது. நானும் கூடவே போனேன், வேறு எங்கே போக? பாதி வழியில் எல்லோருடைய கண்களும் சுவடுகளை விட்டுவிட்டு என் நடையைப் பார்க்க ஆரம்பித்தன. சுவடு என் வீட்டு வாசலில் போய் நின்றது.

சிரித்துச் சிரித்து அவர்களுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "அப்பன் அடிச்ச கூத்துக்குப் பொண்ணை என்னன்னு சொல்றது?" என்று பிட்கெய்த்லியே தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மோர்வென் வேலை பிழைத்தது. ஆனால் அவள் மட்டும் சிரிக்கவில்லை. "எனக்காக ஊரோட எல்லாம் சண்டை போட்டீங்களேப்பா. நீங்களும் என்னை நம்பலையா?" என்று கேட்டுவிட்டுப் போனவள்தான். போன் எடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. வெட்கத்தில் செத்துக்கொண்டிருக்கிறேன் அக்கா.

உன் ஆசியைக் கேட்க எனக்குத் தகுதியில்லை, இருந்தாலும் கேட்கிறேன். அத்தானுக்கு என் வணக்கம். இதை அவரிடம் படித்துக் காட்டாதே.

உன் பாசமுள்ள, மானம்போன தம்பி,
மர்டோ

பின்குறிப்பு: மாடியறையைத் தயார் செய்யாதே. உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மோர்வென் வந்து நின்றாள். "அந்த முரட்டுப் புல்லை எல்லாம் ஒண்ணொண்ணா தோண்டி எடுக்கணும். காலையில ஆறு மணிக்கு வந்துடுங்க" என்று சொல்லி மேஜையில் கத்திகளை வைத்தாள். "மாடியிலேர்ந்து எல்லாரும் பார்ப்பாங்களேம்மா" என்றேன். "பார்க்கட்டும்" என்றாள். "சரி, ரெண்டு கத்தி எதுக்கு?" என்று கேட்டேன். "ஒண்ணு எனக்கு. உங்களைத் தனியா விட்டா மறுபடி என்ன பண்ணுவீங்களோ, யார் கண்டா?" என்றாள்.