கொரிய மொழி ஏகமனதாகப் பிறந்த மாலை

“கொரிய மொழி எங்கே பிறந்ததுன்னு ஆறரைக்குள்ள முடிவு பண்ணிடணும். ஏழு மணிக்கு ஹாலைப் பூட்டிடுவாங்க.”

“ஆதாரம் போதுமா சார்?”

“அப்பா, அம்மா. இந்த ரெண்டு வார்த்தையும் கொரிய மொழியில இருக்கு. பெத்தவங்களே கிடைச்சப்புறம் மத்த சொந்தக்காரங்க எங்கேப்பா போயிடுவாங்க?”

இவ்வாறாக, 1974ஆம் ஆண்டு பிப்ரவரியில், கனடாவின் மாண்ட்ரியல் நகரில், வில்லரே பகுதியின் ஒரு வாடகை ஹாலில், உலக மொழியியல் தன் உச்சத்தைத் தொட்டது. ஆதாரம் தந்தவர் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் மணிவாசகம். பாலம் கட்டும் இன்ஜினியர். இரண்டு மொழிகளுக்கு நடுவே ஒன்று கட்ட அவருக்கு அரைமணி போதும். கேட்டவன் நான். ரஷ்ய நாவல்களை மொழிபெயர்ப்பில் படிப்பதால் ‘அந்நியர் உள்ளம் அறிந்தவன்’ என்று செயலாளராக்கப்பட்டவன்.

சிறப்பு விருந்தினர் மிஸ் ஹான். கொரிய மொழியின் வரலாற்றைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்கிறவர். பனியில் மூன்று பஸ் மாறி வந்திருந்தார், கையில் எட்டுப் பக்க உரையோடு. அவருக்கு இருபது நிமிடம் என்று கடிதம் போட்டவன் நானே.

தலைவர் தமிழின் பெருமையை ஐம்பது நிமிடம் முழங்கினார், ஆங்கிலத்தில். பிள்ளைகளுக்குப் புரிய வேண்டாமா? பிள்ளைகள் பின்வரிசையில் பிரெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மிஸ் ஹான் கை தூக்கினார். “கொரிய மொழியின் மூலம் இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது,” என்றார், அவரும் ஆங்கிலத்தில்.

“அதனால்தானே தீர்மானம் போடுகிறோம்!” என்று தலைவர் கனிவோடு விளக்கினார்.

மேடையில் இருந்த சங்க உறுப்பினர் டாக்டர் அலமு தலைவரின் காதருகே குனிந்தார். “அவங்களைக் கொஞ்சம் பேச விடுங்களேன்.”

“தாய்வீட்டுக்கு வந்த பொண்ணும்மா! மொதல்ல சாப்பிடட்டும்.”

பொன்னாடை போர்த்தினார்கள். அந்த எட்டுப் பக்கங்களின் மேல் வடைத் தட்டு வந்து அமர்ந்தது. கொரிய மொழி தமிழிலிருந்தே பிறந்தது என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கொரிய மொழி தெரிந்த ஒருவரைத் தவிர அனைவரும் கைதட்டினார்கள். நேரம் முடிந்ததென்று மணியடித்தேன். என் வாழ்வில் நான் ஆற்றிய ஒரே மொழித்தொண்டு.

எல்லோரும் தங்கள் குளிர்கோட்டுகளைத் தேடிப் போனார்கள். மிஸ் ஹான் தட்டை நகர்த்திவிட்டு, எண்ணெய் படிந்த தாள்களைக் கைக்குட்டையால் ஒற்றினார். அப்போதுதான் பார்த்தேன். எட்டுப் பக்கமும் பென்சிலில், குண்டு குண்டான தமிழ் எழுத்து.

நடவடிக்கைக் குறிப்பு ஆங்கிலத்தில்தான் எழுதுவது எங்கள் வழக்கம். அன்றைய குறிப்பில் ஒரே ஒரு வரி மட்டும் தமிழில் இருக்கிறது. போர்த்திய பொன்னாடைக்குள்ளிருந்து அப்போது அவர் என்னிடம் தமிழிலேயே கேட்டது:

“ஐயா, இருபது நிமிடம் வேண்டாம், ஒரு நிமிடமாவது நான் பேசலாமா?”