செவலை கழுத்தில் பென்ரோஸ் துரையின் நட்சத்திரம்

பூதலூர்,
தை மாதம்

மரியாதைக்குரிய அரவிந்தன் சித்தப்பாவுக்கு, அண்ணன் மகள் மதிவதனி எழுதிக்கொண்டது.

செவலைப் பசுவின் கழுத்தில் ஒரு நாடா மட்டும் வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது. அதை நான்தான் முதலில் பார்த்தேன். நலம் விசாரிக்காமல் ஆரம்பித்துவிட்டேன், மன்னிக்கவும். இங்கு எல்லோரும் நலம், செவலையும் நலம். குவைத்தில் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், தெருவே கேட்கும். அதனால்தான் நாளை விமானம் ஏறும் மீரா சாகிப் மாமாவிடம் இந்தக் கடிதம்.

பென்ரோஸ் துரை லெப்டினன்டாக வந்து, பாலைவனச் சண்டை, பர்மா சண்டை எல்லாம் பார்த்து, மேஜராகக் கப்பலேறினார். பிறகு, "காய்ச்சலில் உன் ரசம்தான் என்னைப் பிழைக்க வைத்தது, இவை நீயும் வாங்கியவை" என்று, தனக்குச் சமைத்துப்போட்ட நம் துரைக்கண்ணுத் தாத்தாவுக்கு ஐந்து மெடல்களையும் தபாலில் அனுப்பினார். தாத்தா போட்டுக்கொள்ளக் கூச்சப்பட்டு மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்குக் கட்டினார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். (என் கூச்சத்துக்கும் அவரையே காரணம் சொல்கிறார்கள்.) நீங்கள் இணையத்தில் துழாவி துரையின் பேத்தி எமிலி அம்மாவைக் கண்டுபிடித்தீர்கள். அவரிடம் துரை நினைவாக ஒரு பொத்தான்கூட இல்லை என்றதும் அப்பா, "அஞ்சையும் கொடுத்துடுறோம், இது இந்த முருகையன் வாக்கு" என்று சொல்லிவிட்டார். மாசியில் எமிலி அம்மா வாங்க வருகிறார்.

கடைசி வருடமாயிற்றே என்று அப்பா ஐந்தையும் நாடாவோடு செவலைக்குக் கட்டி, மேலே நெட்டிமாலையும் போட்டு, "பொங்கலோ பொங்கல்" என்று தாம்பாளத்தைத் தட்டிய தட்டில் அது மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு பஞ்சநதம் மாமா வயலுக்குள் ஓடியது. பிடித்து வந்தபோது ஐந்தில் ஒன்று, பர்மா சண்டைக்குக் கொடுத்த நட்சத்திர மெடல், இல்லை. மறுநாள் அந்த வயலுக்கு அறுப்பு மெஷின் வந்துவிட்டது. எப்படிப் போனேனோ, அதன் முன்னால் போய் நின்றுவிட்டேன். டிரைவர், "ஏம்மா, ஒதுங்கு!" என்கிறார். நான் வெறும் நாடாவைத் தூக்கிக் காட்டினேன். பஞ்சநதம் மாமா வரப்பில் குதித்தார். "மாட்டுக்கு எதுக்குடா மிலிட்டரி மெடலு? எங்கப்பா கபடியில வாங்குன கப்பை நாங்க எருமைக் கொம்புலயா மாட்டுனோம்?" திட்டிக்கொண்டே அவரும் வேட்டியை மடித்துக்கட்டித் தேடினார். டிரைவரும் தேடினார். கிடைக்கவில்லை.

அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு பாபநாசத்தில் நகை செய்யும் ஒரு பத்தரிடம் புது நட்சத்திரம் செய்யச் சொன்னார். நடுவில் என்ன என்று பத்தர் கேட்டிருக்கிறார், அப்பா கிரீடம் என்றிருக்கிறார். பத்தர் மாரியம்மன் கிரீடத்தை வைத்துவிட்டார், அம்மன் முகம் மட்டும்தான் இல்லை.

"வெள்ளைக்காரம்மாவுக்கு என்ன தெரியப்போவுது?" என்று அப்பா கேட்டதற்கு அம்மா, "அவங்க தாத்தா நெஞ்சுல குத்திக்கிட்டதுங்க. மாரியாத்தாளையா குத்திக்கிட்டிருப்பாரு?" என்றார். அப்பா அதை மற்ற நான்கோடு பெட்டியில் வைத்துப் பூட்டினார். அவருக்கும் அது பிடிக்கவில்லை சித்தப்பா, வாக்கு கொடுத்துவிட்டதால்தான் அப்படிச் செய்கிறார். ஒன்று தொலைந்துபோனது என்று சொன்னால் எமிலி அம்மா வருத்தப்படுவார். ஆனால் பொய்யானதைக் கையில் வாங்கிக்கொண்டு அழுதாரானால் எனக்குத் தாங்காது. அதை அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சித்திக்கு என் அன்பு. அங்கே குளிர் தணிந்து, உங்களுக்கு நீண்ட விடுப்பு கிடைத்து, எல்லோரும் ஊர் வந்து சேர மாரியம்மன் துணை செய்யட்டும்.

இப்படிக்கு,
மதிவதனி

பின்குறிப்பு: சித்தப்பா, அப்பாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். மீரா சாகிப் மாமா வாசலில் ஹாரன் அடிக்கிறார், ஆகவே சுருக்கமாக. கவரை ஒட்டச் சோறு எடுக்கப் போனேன். மாட்டுக் கொட்டகை ஆணியில் மாட்டியிருந்த, அன்று பொங்கலுக்குப் போட்ட நெட்டிமாலையைச் செவலை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. பிடுங்கினேன். நெட்டிக்குள் நட்சத்திரம் சிக்கியிருந்தது. அப்பாவின் சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்து அதை மற்ற நான்கோடு வைத்தேன். மாரியம்மன் கிரீடத்தை எடுத்துவந்து செவலை கழுத்தில் கட்டினேன்.