பக்கத்து வீட்டுக் குழி

பக்கத்து வீட்டு மெக்கானிக் ஒரு புடவையைப் பிழிந்து கொடியில் போடுவதை மாடி ஜன்னல் வழியாக எழுத்தாளர் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் புருஷன் தானாக முன்வந்து புடவை துவைக்கிறான்? ரத்தக் கறையாக இருந்தாலொழிய?

மெக்கானிக்கின் மனைவியைக் கொஞ்ச நாளாகவே பகலில் காணவில்லை. கிணற்றடியில் இல்லை, வாசலில் இல்லை. கொல்லையில் மட்டும் புதிதாக ஒரு குழி வெட்டி மூடப்பட்டிருந்தது.

எழுத்தாளர் மர்ம நாவல் எழுதுகிறவர். நகரத்துச் சத்தத்தில் ஒரு கொலைகூடச் சரியாக விழவில்லை என்று மனைவியையும் மேசையையும் மூட்டை கட்டிக்கொண்டு இந்தக் கிராமத்துக்கு வந்திருந்தார். இந்த நாவலும் தேறாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகப் பதிப்பாளர் சொல்லிவிட்டார். எனவே நாவல் முடியும்வரை படுக்கை, எழுத்து எல்லாமே மாடி அறையில்தான். மனைவி சாப்பாட்டுத் தட்டை அறை வாசலில் வைத்து, கதவைத் தட்டிவிட்டுப் போய்விட வேண்டும். முகத்தைக் காட்டினால் கற்பனை கலைந்துவிடுமாம். வீட்டுச் சட்டம், இயற்றியவர் அவரே.

வெளிப்படி வழியாக இறங்கி வேலியோரம் போனார்.

"உங்க வீட்டம்மா எங்க? ஆளையே காணோம்?"

மெக்கானிக் கையில் புடவை அப்படியே நின்றது. "வேலையா போயிருக்கா சார்."

"எங்க?"

"அதைச் சொல்லக் கூடாதுன்னு..." மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டார். "வந்துடுவா சார். நீங்க போய் எழுதுங்க."

போதாதா? எழுத்தாளர் மாடிக்கு ஓடினார்.

மத்தியானம் கதவு தட்டப்பட்டபோது அவருக்கு மனசு கேட்கவில்லை. திறக்காமலே சொன்னார்.

"யார்கிட்டயும் மூச்சு விடாத. பக்கத்து வீட்டுக்காரன் பொண்டாட்டியைக் கொன்னு புதைச்சுட்டான்."

வெளியே தட்டு விழுந்து உருண்டது.

"பயப்படாத, நான் இருக்கேன்ல."

படியிறங்கி ஓடும் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. முன்பெல்லாம் ஒன்று சொன்னால் ஒன்பது கேட்பாள். கிராமத்துக் காற்று அவளையும் பக்குவப்படுத்திவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு மெக்கானிக் அடிக்கடி மாடியை அண்ணாந்து பார்த்தார். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுவார். தோள் மட்டும் குலுங்கும். குற்ற உணர்ச்சி தாங்காமல் அழுகிறான் என்று எழுத்தாளர் அதையும் ஓர் அத்தியாயமாக்கினார்.

அனுப்பிய அத்தியாயங்களைப் படித்துவிட்டுப் பதிப்பாளர் போனில் கூப்பிட்டார். "பிரமாதம் சார். எப்படித்தான் இதெல்லாம் தோணுதோ?"

அன்று எழுத்தாளருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பெண்ணின் உயிர் போயிருக்கிறது; நாம் அதை வைத்து நாவல் எழுதிக்கொண்டிருக்கிறோமே என்று உண்மையாகவே வெட்கமாக இருந்தது. போலீசுக்குச் சொன்னால் கதையின் முடிவு செய்தித்தாளில் வந்து நாவல் நாசமாகும். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு நியாயம் கேட்க ஆளில்லை. முதலில் நாமே பார்த்துவிடுவோம் என்று, மெக்கானிக் வெளியே போன சமயம் மண்வெட்டியோடு கொல்லையில் நுழைந்தார். நாலு வெட்டு வெட்டுவதற்குள் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"என்ன சார் தேடுறீங்க?"

"மண்புழு. மீன் பிடிக்கலாம்னு."

"இந்த ஊர்ல தண்ணி கிணத்துல மட்டும்தான் சார் இருக்கு."

"கிணத்துலதான்..."

மெக்கானிக் மண்வெட்டியை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இனி உயிர் பயமும் சேர்ந்துகொண்டது. நாவல் போனால் போகட்டும் என்று எழுத்தாளர் நேராகக் காவல் நிலையத்துக்கு நடந்தார்.

ஏட்டு வந்தார். ஊரும் வந்தது. குழியைத் தோண்டினார்கள். காய்கறித் தோலும் காய்ந்த இலையும் வந்தன.

"எரு சார், செடிக்கு," என்றார் மெக்கானிக்.

"சரி, உன் சம்சாரம் எங்கய்யா?" என்றார் ஏட்டு.

மெக்கானிக் எழுத்தாளரைப் பார்த்துத் தயங்கினார். "சொன்னா இவர் குடும்பத்துலதான் குழப்பம் வரும் ஏட்டையா."

"என் குடும்பத்தை ஏன்யா இழுக்கற? மழுப்பறான் சார், விடாதீங்க," என்று எழுத்தாளர் குதித்தார்.

அந்தக் கூச்சலில் எழுத்தாளர் வீட்டு அடுப்படிக் கதவு திறந்தது. கையில் கரண்டியோடு மெக்கானிக்கின் மனைவி வெளியே வந்தாள். முழுசாக, உயிரோடு.

எழுத்தாளருக்கு அப்பாடா என்றிருந்தது. கடைசி அத்தியாயம் போச்சே என்ற துக்கமும் கூடவே வந்தது.

"நீங்க எங்க வீட்டு அடுப்படியில என்ன பண்றீங்க?"

"சமையல் சார். உங்களுக்குத்தான்."

"அதுக்குத்தான் என் சம்சாரம் இருக்காளே. அவ எங்க?"

மெக்கானிக்கின் மனைவி பெருமூச்சு விட்டாள். கரண்டியைப் புருஷனிடம் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"அக்கா, நீங்க எங்கேன்னு அவரா கேக்குற வரைக்கும் திரும்ப மாட்டேன்னு போனீங்கல்ல, இன்னைக்குத்தான் கேட்டாரு, கிளம்பி வாங்க."