ஆளில்லாத அறையைத் திறந்த அழுங்கு

ஒரு காட்டில் சிறைச்சாலை இருந்தது. காட்டுக்கே மதில் கிடையாது, அதற்குள் சிறைக்கு மட்டும் எதற்கு மதில் என்று நீங்கள் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்ட நரி இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

அந்தச் சிறையில் பூட்டு மற்றும் பாதுகாப்புக் கருவிகள் மேற்பார்வையாளராக ஓர் அழுங்கு வேலை பார்த்தது. பெயர் செதிலப்பன். உடம்பெல்லாம் ஓடு போட்ட பிராணி, ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பாதுகாப்புத் துறைக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும் என்று வேலைக்கு எடுத்துவிட்டார்கள். பூட்டுகளுக்கு எண்ணெய் விடுவது, சாவிக்கொத்தைச் சரிபார்ப்பது, வாசலில் உள்ள சோதனைக் கருவி காரணமில்லாமல் அலறும்போது ஒரு தட்டு தட்டுவது எல்லாம் அதன் பொறுப்பு. கண்காணிப்பு கேமராவும் உண்டு. அதைக் குரங்குகள் கழற்றிக்கொண்டு போகாமலிருக்க, அதைப் பார்த்தபடி இன்னொரு கேமரா வைத்திருந்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தன. கைதிகளைப் பார்க்கத்தான் எதுவும் மிச்சமில்லை.

சிறைக் கண்காணிப்பாளர் ஒரு காட்டெருமை. கருங்கொம்பர் என்று பெயர். அதிகாரி என்பதால் அவரை 'அது' என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்று அங்கே நடந்துவந்தது. மாலையில் ஓர் அறையைக் காவலர் பூட்டியதும், தலைமைக் காவலர் வந்து அதே சாவியை ஒரு திருகு திருகிப் பார்ப்பார். அடுத்து உதவி ஜெயிலர் திருகுவார், பிறகு ஜெயிலர். கடைசியில் கருங்கொம்பரே வந்து, தம் உடம்புக்குத் தகுந்தபடி ஒரு திருகு திருகுவார்.

"வேணாங்கய்யா, சாவி தாங்காது" என்று செதிலப்பன் சொல்லிப் பார்த்தது.

"சாவி தாங்கலேன்னா அது சாவியோட ஒழுங்கீனம்" என்றார் அவர்.

அந்தச் சிறையில் பவளம் என்ற தாய்முயல் இருந்தது. சிங்கராஜா தூங்கும்போது பக்கத்தில் சத்தமாகப் புல் தின்றது அதன் குற்றம். தண்டனை முடிந்து ஒருநாள் காலை அதற்கு விடுதலை. அதன் குட்டிகள் ஓடைக்கரை வளையில் இருந்தன. பக்கத்து மரத்து அணில்தான் பாவம், இத்தனை நாளும் புல் கொண்டுபோய்ப் போட்டுக் காப்பாற்றியிருந்தது. அன்றைக்கென்று பார்த்து மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் ஓடை பெருகி வளைக்குள் தண்ணீர் புகும். அணில் புல்லைச் சுமக்கும். முயல்குட்டியைச் சுமக்குமா?

கருங்கொம்பர் காலையிலேயே விடுதலை ஆணையில் குளம்பைப் பதித்துவிட்டார். 'முயல் விடுவிக்கப்பட்டது' என்று மேலிடத்துக்குச் செய்தியும் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் காவலர் அறையைத் திறக்கப் போனார். அத்தனை பேர் அன்றாடம் திருகிய சாவி, பாதி கையோடு வந்தது, பாதி பூட்டுக்குள் நின்றுவிட்டது.

செதிலப்பன் கண்காணிப்பாளர் அறைக்கு ஓடியது.

"ஐயா, சாவி ஒடஞ்சு போச்சு. மாத்துச் சாவி வேணும்."

"அது தலைமை அலுவலகத்துல இருக்கு. பழைய சாவியை முழுசா ஒப்படைச்சாத்தான் தருவாங்க."

"பழசுல பாதி பூட்டுக்குள்ள இருக்குங்கய்யா."

"அப்ப பூட்டைத் திறந்து எடு."

"திறக்கத்தான் சாவி கேக்குறேன்."

"யோவ், இது உன் துறை விஷயம். என்கிட்ட ஏன் கொண்டு வர்றே?"

"கம்பியை விட்டு நானே திறந்துடட்டுங்களா?"

"சாவியில்லாம சிறைப் பூட்டைத் திறந்தா அதுக்கு என்ன பேர் தெரியுமா? சிறையுடைப்பு."

மத்தியானம் பவளத்துக்குச் சாப்பாடு வரவில்லை. விடுதலையானவர்களுக்குச் சாப்பாடு கிடையாது என்று சமையல்கட்டிலிருந்து கரடி சொல்லியனுப்பியது. அடுத்து ஜெயிலர் வந்தார். விடுதலையான பிறகும் அரசாங்கக் கட்டடத்தில் தங்கியிருப்பது ஏன் என்று கம்பிக்கு வெளியே நின்று விளக்கம் கேட்டுவிட்டுப் போனார்.

தூறல் ஆரம்பித்தது.

"அண்ணே, மழை வந்துருச்சுண்ணே" என்றது பவளம். "எனக்குச் சோறு வேணாம், ஒண்ணும் வேணாம். புள்ளைங்க முழுகிப் போயிரும்ணே."

"திறந்தா என் வேலை போயிரும்மா."

"திறக்கலேன்னா என் புள்ளைங்க போயிருமேண்ணே."

செதிலப்பனுக்குப் பயம். பயந்தால் சுருண்டுகொள்வது அதன் குல வழக்கம், ஆகவே சுருண்டது. முயலின் அழுகை ஓட்டுக்குள்ளும் வந்து கேட்டது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்துவிட்டு, தன்னைத்தானே திட்டிக்கொண்டு எழுந்து, கம்பியை உள்ளே விட்டு உடைந்த துண்டை வெளியே தள்ளிப் பூட்டைத் திறந்துவிட்டது.

பவளம் நன்றி சொல்ல நிற்கவில்லை. நிற்கிற நேரமா அது? வாசல் கருவி அலறியது. அது எப்போதும் அலறுவதுதானே என்று காவலர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடை பெருகி வந்தபோது வளை காலியாக இருந்தது. பவளம் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி மேட்டில் சேர்த்துவிட்டிருந்தது. அந்த மட்டில் எனக்கும் நிம்மதி.

வேறு காடாக இருந்தால் கதை இங்கே முடிந்து, செதிலப்பனுக்கு மாலை போட்டிருப்பார்கள். ஆனால் அதுவோ சாவியின் இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு நேரே கருங்கொம்பரிடம் போனது. நேர்மையாம்!

"ஐயா, கம்பி விட்டுப் பூட்டைத் திறந்துட்டேன். பவளம் போயிருச்சு."

"பவளம் காலையிலேயே போயாச்சே. நானே குளம்பு வச்சேனே."

"இல்லைங்கய்யா, அது மத்தியானம் வரைக்கும் உள்ளேதான்..."

"என் குளம்பு பொய் சொல்லுமா?"

"சொல்லாதுங்கய்யா."

"அப்ப அறையில ஆளில்லை. ஆளில்லாத அறையை எதுக்குய்யா திறந்தே?"

விசாரணை ஒழுங்காக நடந்தது. உள்ளேயிருந்து யாரும் வெளியே போகவில்லை, ஆகவே இது சிறையுடைப்பு இல்லை என்று முதலில் முடிவானது. செதிலப்பன் பெருமூச்சு விட்டது. அப்படியானால் வெளியே இருந்தவர் உள்ளே புகத்தான் பூட்டைத் திறந்திருக்கிறார், ஆகவே இது திருட்டு முயற்சி என்று அடுத்து முடிவானது. அறையிலிருந்த கிழிந்த சாக்கைக் காணவில்லை என்று ஜெயிலர் சாட்சி சொன்னார். சாக்கு அவர் வீட்டு வாசலில் கால்மிதியாகக் கிடந்ததை யாரும் கேட்கவில்லை. சிறைக்குள் புக இவ்வளவு ஆசைப்பட்டவரை வெளியே விட்டுவைப்பது நியாயமாகாது என்று தீர்ப்பு வந்தது. அதே அறையைக் கொடுத்தார்கள்.

அறைக்குப் புதுப் பூட்டு வந்தது. அதைப் பூட்டத்தான் யாருக்கும் தெரியவில்லை. அதிகாரிகள் முறைவைத்துத் திருகிப் பார்த்துக் களைத்துப்போய், கடைசியில் கைதி செதிலப்பனிடமே பூட்டுப் பொறுப்பைக் கூடுதலாக ஒப்படைத்தார்கள். இப்போது மாலைதோறும் அது எல்லா அறைகளையும் பூட்டுகிறது. பிறகு தன் அறைக்குள் போய், கம்பி வழியே கையை வெளியே விட்டுத் தன் பூட்டையும் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, சாவிக்கொத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறது.

"சாவியெல்லாம் உன்கிட்டதானே இருக்கு. திறந்துட்டுப் போயிர வேண்டியதுதானே?" என்று அடுத்த அறை உடும்பு ஒருநாள் கேட்டது.

"நல்லா இருக்கே! நான் போயிட்டா காலையில யாரு திறக்கிறது?" என்றது செதிலப்பன்.

நீதி: அரசாங்கச் சாவியை எப்போதும் நேர்மையானவனிடமே கொடுங்கள். அவனை உள்ளே போட்டாலும் அவனே பூட்டிக்கொள்வான்.