சாகுல் பாயைத் தொலைத்த காலை

தன்னம்பிக்கை எனக்கு என்றைக்குமே குறைந்ததில்லை. குறைந்திருக்க வேண்டிய நாட்களில்கூட. (அந்த நாட்களில்தான் கொஞ்சம் கூடுதலாகவே இருந்திருக்கிறது.) இதற்குச் சாட்சி சொல்ல புதுமடம் கடற்கரையில் ஒரு கூட்டமே இருக்கிறது.

காதும் கண்ணும் சேர்ந்தே இல்லாதவர்களுக்கு வீடு தேடிப் போய்ப் பயிற்சி தரும் நிறுவனம் ஒன்றில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். வகுப்பில் எங்கள் கண்ணைக் கட்டி, காதில் பஞ்சை அடைத்து, மாடிப்படி ஏறச் சொன்னார்கள். நான் விழாமல் ஏறினேன். அன்றோடு எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அங்கே முக்கியமாகச் சொன்ன விதி ஒன்று: அவர்களை விட்டு நகர நேர்ந்தால் வெட்டவெளியில் நிறுத்தக் கூடாது. சுவர், தூண் என்று அசையாத ஒன்றின்மேல் அவர்கள் கையை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இதை நான் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

என்னிடம் ஒப்படைக்கப்பட்டவர் சாகுல் பாய். பிறவியிலேயே காது கேளாது. மீன்பிடி வள்ளங்களுக்கு இன்ஜின் மெக்கானிக். பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, நாற்பது வயதுக்குள் முழுக்கப் போய்விட்டது. அதன்பின் இரண்டு வருடமாக வீட்டுக்குள்ளேயே கிடந்தார். கையோடு கை வைத்துச் சைகை பேச நாலு மாதம் பழகினோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, மறுபடியும் இன்ஜின் வேலை. எட்டு வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி முதலில் முடியாது என்றார். நான் நடையாய் நடந்ததில், ஒரு நாள் காலையில் வந்து பார்ப்பதாகவும், சரிப்படவில்லை என்றால் இனி இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றும் சொன்னார்.

அந்தக் காலையில் நாங்கள் கரைக்குப் போனபோது சம்மாட்டி டீக்கடையில் இருந்தார். போய் அழைத்து வரலாம் என்று நினைத்தேன். விதி நினைவுக்கு வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன். சுவரும் இல்லை, தூணும் இல்லை. முழங்கால் தண்ணீரில் கனமாக, பெரிதாக, ஆடாமல் நின்றது ஒரு வள்ளம். நான் கடலே இல்லாத முதுகுளத்தூர்ப் பக்கம். எங்கள் ஊரில் வைக்கோல் போர் வைத்த இடத்தில் இருக்கும்; எனக்கு வள்ளமும் அப்படித்தான். பாயின் கையை அதன்மேல் வைத்து, உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி, இருங்கள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

டீக்கடையில் சம்மாட்டியிடம் என் பயிற்சி முறையின் பெருமையை இரண்டு உளுந்த வடை நேரத்துக்கு விளக்கினேன். திரும்பி வந்தால் பாயும் இல்லை, வள்ளமும் இல்லை.

"தம்பி, ஆள எங்கன வச்ச?" என்றார் சம்மாட்டி.

வள்ளத்தில் என்றேன். எந்த வள்ளம் என்றார். நீலக் கலர் என்றேன். சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். கரையில் நின்ற அத்தனையும் நீலம்.

விஷயம் தெரிந்து பாயின் மனைவி மைமூன் ஓடி வந்தார். அவர் கத்தவில்லை. "ஒங்கள நம்பித்தானே எங்க மச்சான அனுப்புனேன். எங்கன விட்டுட்டு வந்திய?" என்று மட்டும் கேட்டார். நான் கடலைக் கைகாட்டினேன். கடல் அன்றைக்குத்தான் எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. (அதுவரை அது ஒரு பெரிய கண்மாய்.)

வெயில் ஏறும் நேரம் ஒரு வள்ளம் திரும்பி வந்தது. அதன் முன்பக்க அணியத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் பாய். முழங்கை வரை கிரீஸ். நாலு மாதத்தில் நான் பார்க்காத, இரண்டு வருடத்தில் மைமூனும் பார்க்காத சிரிப்பு.

வள்ளத்துக்காரர்கள் அண்ணன் தம்பி இருவர். வள்ளத்தைப் பிடித்து நிற்பவர் தள்ளத்தான் நிற்பார் என்பது அந்தக் கரையின் வழக்கம். இவர்கள் தள்ள, பாயும் தள்ளினார். அது நகர்ந்ததும் பழைய பழக்கத்தில் தாவி ஏறிக்கொண்டார். பழையபடி தொழிலுக்கு வந்துவிட்டார் என்று இவர்களும் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். நடுவழியில் இன்ஜின் நின்றுவிட்டது.

"நாங்க ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டு இருந்தோம், சம்மாட்டி. சாகுல் அண்ணன்தான் தடவிப் பாத்தாரு, ஸ்பேனர கைய நீட்டிக் கேட்டாரு. டீசல் பைப்புல ஏர் புடிச்சிருந்துச்சு. எடுத்து விட்டுட்டாரு" என்றான் தம்பிக்காரன்.

சம்மாட்டி பாயின் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "நாளையிலேர்ந்து அவர வரச் சொல்லு. நீ வராத."

மைமூன் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். எனக்கு வேலை போகவில்லை என்பதும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது.

சாகுல் பாய் இன்றும் அந்தக் கரையில் இன்ஜின் பார்க்கிறார். அவரிடம் ஒவ்வொருவருக்கும் தொட்டு அறிகிற ஒரு பெயர் உண்டு. மைமூன் என்றால் வளையல், சம்மாட்டி என்றால் தொப்பை. எனக்கு வைத்த பெயர் இது: எதிரே இருப்பவரின் கையைத் தன் தோளில் வைப்பார். மெதுவாகத் தோளை இழுத்துக்கொள்வார். கை அந்தரத்தில் நிற்கும். அதுதான் நான். புதிதாக வரும் பயிற்சியாளர்கள் எல்லோருக்கும் முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்.

என் கல்யாணத்துக்கு வந்து, என் மனைவிக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் நான், "இங்கனயே நில்லு, ரெண்டு நிமிசத்துல வாரேன்" என்று கிளம்பினால், அவள் பக்கத்துத் தூணைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையசைக்கிறாள்.