போர்க்காளி எழுந்தருளிய வரலாறு

ரங்கையம்புதூருக்கு மரபு வந்து சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்காம் ஆண்டு, ஆவணி மாதத்தில். சரவணம்பட்டியைத் தாண்டிய அந்தப் புறநகருக்கு அதுவரை டவுன் பஸ்கூட ஒழுங்காக வந்ததில்லை.

திட்டத்தின் பெயர் 'தம்மைத்தாமே வழிநடத்திக்கொள்ளும் புறநகர் மரபு நடை'. தெருவுக்குத் தெரு ஒரு பலகையும் ஓர் அம்புக்குறியும் வைப்பார்கள். பொதுமக்கள் அம்பைப் பார்த்து நடந்து, பலகையைப் படித்து, பெருமைப்பட்டுக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். வழிகாட்டி வைத்தால் சம்பளம் கொடுக்க வேண்டும். இத்தனை வருஷமாக மக்கள் தங்கள் வழியைத் தாங்களேதானே பார்த்துக்கொள்கிறார்கள் என்று அரசாங்கம் நியாயமாக யோசித்தது.

மாசாணியம்மாளுக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்கு வாழ்க்கையில் இருந்தது ஒரே ஆசை: கூரையும் கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஒரு குளியலறை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வீட்டுக்குப் பின்னால், தென்னந்தட்டி மறைவில், துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துதான் குளிக்கிறாள். காற்றடித்தால் ஒரு கை சொம்பிலும் ஒரு கை தட்டியிலும் இருக்கும். புருஷன் அங்கப்பன் வேலை பார்த்த மில்லைப் பூட்டிவிட்டதால் அவர் வீட்டோடு இருந்தார். கறவை மாட்டை விற்றுச் செங்கல் இறக்கியாயிற்று. நல்ல நாள் பார்ப்பதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து மரபு நடை அலுவலர் சென்னகேசவன் பின்பக்கமாக உள்ளே நுழைந்தார். மெட்ராஸ்காரர். மஞ்சள் உரசி உரசிப் பழுத்துப்போயிருந்த கல்லைக் கண்டதும் நின்றுவிட்டார். பக்கத்துக் கொட்டாங்குச்சியில், தலைக்குத் தேய்க்க வைத்திருந்த அரப்புத்தூள் பச்சையாகத் தெரிந்தது.

"இது என்னம்மா?"

"பொடக்காலிங்க."

வீட்டின் பின்புறத்தைக் கோயமுத்தூர்ப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். மெட்ராஸில் சொல்ல மாட்டார்கள்.

"காளியா!"

"காளி இல்லீங்க. காலிங்க."

"காலியா? சிலை எங்கே போச்சு?"

"செலையா? கல்லு மட்டுந்தானுங்க இருக்குது."

"தினமும் நீராட்டு நடக்குமோ?"

"நடக்காம என்னங்க? வெள்ளிக்கெழமைன்னா எண்ணெயும் உண்டுங்க."

சென்னகேசவனுக்கு மெய்சிலிர்த்தது. 'பொடக்காளி' என்பது 'போர்க்காளி'யின் திரிபு என்று, ஜீப்பில் ஏறுவதற்குள் ஆராய்ந்து முடித்தார்.

சீக்கிரமே பலகை வந்தது. 'போர்க்காளி. படை புறப்படுமுன் வீரர்கள் நீராடி வணங்கிய இடம். இங்கு எதையும் மாற்றுவதும், இப்பலகையைத் தொடுவதும் குற்றம்.' பார்வைக்கு இடையூறு என்று சொல்லித் தட்டியையும் அவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

மாசாணியம்மாள் பக்கத்துத் தெருவில் இருந்த அவருடைய ஆபீசுக்கு ஓடினாள்.

"ஏனுங்க சார், அது நான் குளிக்கிற எடமுங்க!"

"நீராடும் இடம் என்றுதானே அம்மா நாங்களும் எழுதியிருக்கிறோம்?"

"தட்டி இல்லாம எப்படிங்க குளிக்கறது?"

"வீரர்கள் தட்டி கட்டிக்கொண்டா குளித்தார்கள்?"

"செங்கல்லு எறக்கிப்போட்டனுங்க. செவுரு வெக்கோணுமுங்க."

"பலகை இருக்கிற இடத்தில் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. பலகை எங்கேயோ அங்கேதான் மரபு. விதி அவ்வளவுதான்."

"பலகை இல்லீன்னா?"

"அப்போது அது வெறும் இடம்."

அதற்குப் பிறகும் அவள் அந்த ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். விதி மட்டும் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்.எஸ்.புரத்திலிருந்து கார்கள் வந்தன. நடப்பதற்காகக் காரில் வருவது அந்த வருஷத்து நாகரிகம். வெள்ளை கான்வாஸ் ஷூ, தோளில் தண்ணீர் பாட்டில், கழுத்தில் கேமரா. ஷூவைக் கழற்றிவைத்துவிட்டுக் கல்லைக் கும்பிட்டார்கள். அரப்பைப் பிரசாதமென்று நெற்றியில் பூசிக்கொண்டார்கள். ஓர் அம்மாள் கொஞ்சம் வாயிலும் போட்டுக்கொண்டு, மூலிகை வாசனை அபாரம் என்றாள். ஊர்க்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு தேங்காய் விற்றார்கள், அப்புறம் அவர்களே வாங்கி உடைத்தார்கள். மாசாணியம்மாள் மட்டும் சொம்பும் மாற்றுத்துணியுமாக அடுத்தவர் வீட்டு வாசலில் நின்றாள். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

ஒரு மத்தியானம், ஆபீசே சாப்பாட்டுக்குப் போயிருந்த வேளையில், அங்கப்பன் கையில் கடப்பாரையைக் கொடுத்தாள்.

"ஏம்புள்ள, சாமி குத்தம் ஆயிடாதா?"

"சாமிய ஆருங்க தொட்டா? பலகையத்தானுங்க மாத்தறோம்."

பிடுங்கிய பலகையைச் சென்னகேசவனின் ஆபீசுக்குப் பின்னால் இருந்த கக்கூசுச் சுவரில் வைத்து அவளே ஆணியடித்தாள். தெருமுனை அம்பையும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள்.

மக்கள் அம்பு காட்டிய வழியே போனார்கள். தம்மைத்தாமே வழிநடத்திக்கொள்கிறவர்களுக்கு அம்பு இருந்தால் போதும். கல் இருந்த இடத்தில் கதவு எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கதவு மூடியிருந்ததால் பக்தி அதிகமாயிற்று. வாசலில் கற்பூரம் எரிந்தது.

சென்னகேசவன் பலகையைக் கழற்றச் சொன்னார். அதைத் தொடுவது குற்றம் என்று அவர் எழுதியிருந்ததை பியூன் ராமுலு அவருக்கே வாசித்துக் காட்டினான். மேலிடத்துக்கு எழுதினார். தீர விசாரிக்கும்வரை சின்னத்தை யாரும் உபயோகிக்காமல் பூட்டி வைக்கவும் என்று தந்தி வந்தது. தன் கையாலேயே பூட்டினார்.

இதற்குள் மாசாணியம்மாளின் செங்கல் சுவராகியிருந்தது. கூரை, கதவு, தாழ்ப்பாள், ஓரமாக ஒரு கக்கூசும்கூட. அந்த வாசலுக்கு ஒருநாள் சென்னகேசவன் வந்து நின்றார். முகமெல்லாம் வேர்வை. ஒரு கை வயிற்றில் இருந்தது.

"ஏனுங்க அம்மணி..." மெட்ராஸ்காரர் வாயில் 'ங்க' தானாக வந்தது. "பொடக்காலி எந்தப் பக்கமுங்க?"

"காளிங்களா, காலிங்களா?"

"காலிங்க, காலிங்க!"

"நேராப் போங்க சார். அம்பு போடலீங்க. நீங்களே பாத்துப் போய்க்குங்க."

அந்த வெள்ளிக்கிழமை மாசாணியம்மாள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, எண்ணெய் தேய்த்து, அரப்புப் போட்டு, நிதானமாகத் தலைக்குக் குளித்தாள். பிறகு ஒரு தேங்காயோடு போய், ஆபீசுக் கக்கூசின் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கூடப் போன அங்கப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஏம்புள்ள, உள்ள என்ன இருக்குதுன்னு உனக்குத் தெரியாதா? ஆணியடிச்சதே நீதான?"

"நல்லாத் தெரியுமுங்க. ஆனா இந்த ஆபீசுக்கு எத்தன நடை நடந்திருப்பேன்? கேட்டதக் குடுத்தது இந்தக் கதவு ஒண்ணுதானுங்க."

அங்கப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மெதுவாகச் செருப்பைக் கழற்றினார். பூட்டிய மில்லை எப்போது திறப்பார்கள் என்று கேட்க அவருக்கும் வேறு கதவு இல்லை.